பஸ் ஸ்டாப்ல நமக்கு மட்டும் ஏன் இப்படி நடக்குது

10 நிமிஷத்துக்கு ஒரு பஸ்னு போர்டுல போட்டிருக்கும். நாம எப்பவோ ஒரு நேரத்துக்குப் போய் நிக்கிறோம், அப்போ சராசரியா 5 நிமிஷத்துல வந்துடணும்ல? நின்னு பார்த்தவங்க யாரும் இதை ஒத்துக்க மாட்டாங்க. நம்ம ராசி அப்படின்னு சொல்லிட்டு ஃபோனை நோண்ட ஆரம்பிச்சுடுவோம்.

இதுல ராசிக்கு வேலையே இல்லைங்க, எல்லாம் கணக்குதான். ஒரு பஸ் 5 நிமிஷத்துல வருது, அடுத்தது 15 நிமிஷம் கழிச்சு, மறுபடி 5, மறுபடி 15, இப்படியே ஓடுதுன்னு வச்சுக்குவோம். சராசரி இடைவெளி 10தான், போர்டு பொய் சொல்லல. ஆனா ஒவ்வொரு 20 நிமிஷத்துலயும் 15 நிமிஷத்தை அந்த நீள இடைவெளியே முழுங்கிடுது, அதனால எப்ப போய் நின்னாலும் 4ல 3 தடவை அதுலதான் மாட்டுவோம். அப்படி மாட்டினா சராசரியா ஏழரை நிமிஷம் நிக்கணும் (ஆமா, ஏழரையேதான்!), சின்னதுல விழுந்தா ரெண்டரை. மொத்தமா பார்த்தா 6.25.

இதாவது பரவால்ல. பஸ்ஸுங்க ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம கன்னாபின்னான்னு வந்தா, சராசரி இடைவெளி அதே 10 தான், ஆனா நாம நிக்கிறதும் சராசரியா முழு 10 நிமிஷம். அதுல கொடுமை என்னன்னா, ஏற்கெனவே 20 நிமிஷம் நின்னாச்சு இனி வந்துடும்னு நினைச்சா கூட, அந்த நொடியில இருந்து இன்னும் 10 தான்.

இன்னொன்னு, பஸ்ஸுங்க தானாவே ஜோடி சேர்ந்துக்கும். கொஞ்சம் லேட்டான பஸ்ஸுக்கு ஸ்டாப்ல கூட்டம் சேர்ந்திருக்கும், எல்லாரும் ஏறி முடிக்கிறதுக்குள்ள அது இன்னும் லேட்டாகும், பின்னாடி வர்றவனுக்கு ஏத்த ஆளே இல்லாம ஜாலியா வந்து இதோட வாலைப் பிடிச்சுடுவான்.

நீளமான இடைவெளியிலயே நாம அதிகமா மாட்டுற இந்த விஷயத்துக்கு இன்ஸ்பெக்‌ஷன் பாரடாக்ஸ்னு பேரு. கூட்டமும் இதே கதைதான். ஒரு பஸ்ல 10 பேர், இன்னொண்ணுல 90 பேர்னா சராசரி 50. ஆனா அந்த 100 பேர்கிட்டயும் உங்க பஸ்ல எத்தனை பேர்னு கேட்டா 90 பேர் "90"னுதான் சொல்லுவாங்க, அந்த பதில்களோட சராசரி 82! காலி பஸ் காலியா இருக்குன்னு சாட்சி சொல்லவே ஆள் கம்மி, அவ்ளோதான்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது ஃப்ரெண்ட்ஸ் மேட்டர். நம்மளை விட நம்ம ஃப்ரெண்ட்ஸுக்கு சராசரியா ஃப்ரெண்ட்ஸ் ஜாஸ்தின்னு 1991ல ஸ்காட் ஃபெல்ட்னு ஒரு சமூகவியலாளர் எழுதினார். நிறைய பேரோட பழகுறவன் நிறைய பேரோட லிஸ்ட்ல வருவான், யாரோடயும் பேசாதவன் யார் லிஸ்ட்லயும் வரமாட்டான், அதான் விஷயம். இதை உருப்படியாவும் யூஸ் பண்ணியிருக்காங்க. 2009ல ஃப்ளூ பரவுனப்போ ஹார்வர்டுல கிறிஸ்டாகிஸ், ஃபௌலர்னு ரெண்டு பேர் மாணவர்களை சும்மா குருட்டாம்போக்குல எடுத்து, உன் ஃப்ரெண்ட்ஸ் யாருன்னு கேட்டு, அந்த ஃப்ரெண்ட்ஸையும் சேர்த்து கவனிச்சாங்க. குருட்டாம்போக்குல எடுத்தவங்களை விட ஃப்ரெண்ட்ஸ் குரூப்புக்கு காய்ச்சல் ஏறக்குறைய 2 வாரம் முன்னாடியே வந்துடுச்சு.