ஜாவாவ ஆஃப் பண்ண முடியாத ஆபீஸ்

2012 ஆகஸ்ட் கடைசில, ப்ரோக்ராம் எழுதி ஓட்டற ஜாவாவோட 7ஆம் வெர்ஷன்ல ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிய வந்தப்ப நான் ஒரு ரோடு கான்ட்ராக்ட் கம்பெனில சிஸ்டம் அட்மின். ப்ரவுசர்ல ஜாவாவ ஆஃப் பண்ணுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, எங்களுக்கு அது ஆகாது, ஏன்னா டெண்டர் சைட்ல டிஜிட்டல் சிக்னேச்சர் போடவே ஜாவா ஆப்லெட் ஓடணும், அது ஓடலன்னா டெண்டருக்கு எங்க விலையப் போட முடியாது. டெண்டர் செக்ஷன் அண்ணன் நேராவே வந்து, "தம்பி, நாளைக்கு மூணு மணிக்கு க்ளோசிங், இப்ப ஜாவால கைய வச்சிராத"ன்னுட்டாரு.

ஆப்லெட்டுங்கறது எவனோ எழுதின ப்ரோக்ராம், நம்ம மெஷின்ல ஓடும், ஆனா நம்ம ஃபைலத் தொடக்கூடாது, அதுக்குக் காவல்தான் செக்யூரிட்டி மேனேஜர். அந்த ஓட்டைல என்ன பண்ணாங்கன்னா, ஜாவாவோட சொந்த கிளாஸ் (கோட் தொகுப்பு) சன்டூல்கிட்ல, வெளிய இருந்து தொடக்கூடாத ப்ரைவேட் ஃபீல்டக்கூடத் (உள்ள வச்சிருக்கற தகவல்) திறந்து குடுக்கற ஒரு மெத்தட் (செயல்) இருந்துச்சு, ஆப்லெட் சுத்தி வளைச்சு அதப் புடிச்சு, ஸ்டேட்மென்ட்ங்கற இன்னொரு ஜாவா கிளாஸோட ஆப்ஜெக்ட்ல அனுமதி பதிவாகிருக்கற ஃபீல்டுல எல்லா பர்மிஷனும் இருக்குன்னு எழுதி, அப்புறம் செக்யூரிட்டி மேனேஜரையே null, அதாவது ஒண்ணுமில்லன்னு, ஆக்கிருச்சு. அவ்ளோதான், அதுக்கு மேல தடுக்க ஆளே இல்ல. மெமரியக் கெடுத்து உள்ள நுழையற வேலை எதுவும் கிடையாது, பூரா ஜாவா கோட், அதனால விண்டோஸ் லினக்ஸ் மேக் எல்லாத்துலயும் வேலை செஞ்சுது.

எனக்கு இன்னிக்கும் ஆத்தாமையா இருக்கறது, போலந்துல இருக்கற செக்யூரிட்டி எக்ஸ்ப்ளொரேஷன்ஸ்ங்கற ஆராய்ச்சி கம்பெனிக்காரங்க இத ஏப்ரல்லயே ஜாவாவ வச்சிருக்கற ஆரக்கிள் கம்பெனிக்கு சொல்லியாச்சு, ஆனா தாக்குதல் வெளிய தெரிஞ்சப்புறம்தான் ஆகஸ்ட் 30ல அவசரமா அத அடைக்கற அப்டேட் 7 வந்துச்சு.

நாங்க ப்ரவுசர ரெண்டாப் பிரிச்சோம். ப்ரவுசர்ல ஆப்லெட்ட ஓட்டற ஜாவா ப்ளகின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்ல மட்டும், அதுல டெண்டர் தவிர எதையும் திறக்கக்கூடாது, மெயிலு மத்ததெல்லாம் ப்ளகின் இல்லாத ஃபயர்பாக்ஸ்ல. ஜாவா தானா ஃபைல் இறக்கும்போது யூசர் ஏஜென்ட்ல, அதாவது கேக்கறது எந்த ப்ரோக்ராம்னு சொல்ற வரில, ஜாவான்னே போட்டுக்கிட்டு போகும், ஆபீஸோட நெட் ட்ராஃபிக் போற நடுவழி சர்வரான ஸ்க்விட் ப்ராக்ஸில அதப் புடிச்சு டெண்டர் சைட்டுக்கு மட்டும் விட்டோம், மிச்சதெல்லாம் ப்ளாக். லாக்க தினம் பாக்கணும், அது பெரிய வேலை, ஆனா 2013 ஜனவரில இதே மாதிரி இன்னொண்ணு வந்து அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையான ஹோம்லேண்ட் செக்யூரிட்டியே ஜாவாவ ஆஃப் பண்ணுங்கன்னு சொன்னப்ப எங்க ஆபீஸ்ல புதுசா ஒண்ணும் செய்ய வேண்டியிருக்கல.

2025ல வந்த ஜாவா 24ல செக்யூரிட்டி மேனேஜர நிரந்தரமா முடக்கிட்டாங்க. சரியான முடிவுன்னுதான் நான் நெனைக்கிறேன், காவலும் உள்ள பூட்டி வச்சதும் ஒரே ப்ராசஸ்ல (ஓடிக்கிட்டிருக்கற ஒரே ப்ரோக்ராம்ல) இருந்தா பல்லாயிரம் கிளாஸ்ல ஒண்ணு இளகினாலும் போச்சு. இப்ப ப்ளகின் வைக்கணும்னு எந்த டீம் வந்தாலும், அது எந்த ப்ராசஸ்ல, எந்த யூசர்ல ஓடும்னுதான் மொதல்ல கேக்குறேன்.