ராய் ஆர்பிசனும் துப்பாக்கிக் கிட்டாரும்

1965ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாடகர் ராய் ஆர்பிசன், தன்னை உலகறியச் செய்த மான்யுமென்ட் என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனத்தை விட்டு விலகி, எம்.ஜி.எம். நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். பத்து லட்சம் டாலர் என்று பேசப்பட்ட அந்த ஒப்பந்தத்தில் பணத்துக்கு இணையாக அவரை ஈர்த்தது திரைப்பட வாய்ப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும்; எம்.ஜி.எம்.மிடம் இசைத்தட்டுப் பிரிவோடு படப்பிடிப்பு வளாகமும் இருந்தது, அவர் ஐந்து படங்களில் நடிப்பதற்கான ஏற்பாடும் ஒப்பந்தத்திலேயே சேர்க்கப்பட்டிருந்தது. எல்விஸ் பிரெஸ்லி ஆண்டுக்கு மூன்று படம் என்ற கணக்கில் பாடி நடித்துக்கொண்டிருந்த காலம் அது. பீட்டில்ஸ் குழுவினரின் முதல் படம் 1964இல் வெளியாகி வசூலிலும் விமர்சனத்திலும் வென்றிருந்தது. புகழ்பெற்ற குரல் ஒன்று கிடைத்தால் அதைத் திரையில் ஏற்றிக் காசு பார்ப்பது அன்றைய ஹாலிவுட்டின் வழக்கமான வணிகம். ஆனால் ஆர்பிசனுக்காகப் பேசப்பட்ட ஐந்து படங்களில் ஒன்றே ஒன்றுதான் எடுக்கப்பட்டது. 1967இல் வெளிவந்த 'தி ஃபாஸ்டஸ்ட் கிட்டார் அலைவ்' என்ற அந்தக் கௌபாய் இசைப்படம் விமர்சகர்களிடமும் தோற்றது, வசூலிலும் தோற்றது.

அவருக்கு நடிக்க வரவில்லை என்று ஒரே வரியில் இதை முடித்துவிடுவார்கள். அது பொய்யில்லை. ஆனாலும் அவருடைய பாடல்களைப் பல ஆண்டுகள் கேட்டுவிட்டு அந்தப் படத்தைப் பார்த்த எனக்கு, அந்த ஒரு வரி போதுமானதாகத் தோன்றவில்லை. காரணம், நடிப்பு என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதை அந்த மனிதர் அதற்கு முன்பே இசைத்தட்டில் செய்துகாட்டியிருந்தார்.

1961இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த 'ரன்னிங் ஸ்கேர்ட்' பாடலை எடுத்துக்கொள்ளலாம். தன் காதலியின் பழைய காதலன் என்றாவது திரும்பி வந்துவிடுவானோ என்று அஞ்சிக்கொண்டே அவளோடு நடக்கும் ஒருவனின் கதை அது. பல்லவி என்று திரும்பி வரும் பகுதி எதுவும் அதில் இல்லை. பொலேரோ என்ற ஸ்பானிய நடன இசையின் தாளத்தில் அடக்கமாகத் தொடங்கி, வாத்தியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர, குரல் படிப்படியாக ஏறுகிறது; பழைய காதலன் உண்மையாகவே வந்து நிற்கிறான்; அவள் யாரோடு போனாள் என்பது கடைசி வரியில், பாடலின் மிக உயர்ந்த சுரத்தில், நமக்குத் தெரிகிறது. இவ்வளவும் இரண்டேகால் நிமிடத்துக்குள் நடந்து முடிகிறது. 1963இல் வந்த 'இன் ட்ரீம்ஸ்' பாடலில் ஏழு பகுதிகள் இருக்கின்றன. ஒன்றுகூடத் திரும்ப வருவதில்லை. 1964இல் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் முதலிடம் பெற்ற 'ஓ, பிரிட்டி வுமன்' பாடலிலும், ஒருவன் தெருவில் ஒரு பெண்ணைப் பார்க்கிறான், மனத்துக்குள் கெஞ்சுகிறான், நம்பிக்கையிழந்து வீட்டுக்குக் கிளம்புகிறான், அப்போது அவள் திரும்பி வருகிறாள். கதை, திருப்பம், முடிவு எல்லாமே பாட்டுக்குள் இருக்கின்றன. இப்படிப் பாடுகிறவருக்குச் சுற்றிலும் தனியாக ஒரு படம் கட்ட வேண்டிய தேவை இருந்ததா என்பதே முதல் கேள்வி.

மேடையில் அவர் அசையமாட்டார். எல்விஸ் இடுப்பை அசைத்துப் பாடிய அதே தலைமுறையைச் சேர்ந்தவர், டெக்ஸஸ் மாநிலத்தின் விங்க் என்ற எண்ணெய்க் கிணற்று ஊரில் வளர்ந்தவர், கறுப்பு உடையில் நட்டு வைத்த கம்பம்போல் நின்றபடி பாடுவார். உதடுகள் மட்டுமே அசையும். சிறு வயதிலிருந்தே பார்வைக் குறைவு உள்ளவர். 1963இல் பீட்டில்ஸ் குழுவோடு பிரிட்டனில் சுற்றுப்பயணம் செய்தபோது வழக்கமான கண்ணாடியை விமானத்தில் மறந்து வைத்துவிட்டு, பார்வைக்கான கறுப்புக் கண்ணாடியோடு மேடையேறினார் என்று சொல்லப்படுவதுண்டு. எப்படி வந்ததாக இருந்தாலும், அந்தக் கண்ணாடி அவருடைய முகமாகவே ஆகிவிட்டது. கண்கள் தெரியாத, கைகால் அசையாத ஓர் உருவத்திலிருந்து அப்படிப்பட்ட குரல் புறப்படுவதுதான் அவரைப் பார்ப்பவர்களைக் கட்டிப்போட்டது.

எம்.ஜி.எம். முதலில் செய்த காரியம் அந்தக் கண்ணாடியைக் கழற்றியது. கதை நடப்பது 1860களில் என்பதால் அது தவிர்க்க முடியாததாக அவர்களுக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் கண்ணாடி போனதும் திரையில் தெரிவது, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தவிக்கும், கூச்சம் மிகுந்த ஒரு நல்ல மனிதரின் முகம். எதிரில் நிற்பவரிடம் பேசும்போதுகூட அவர் யாரிடமும் பேசுவதுபோல் இல்லை.

கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரின் இறுதி நாட்களில், தனி நாடாகப் பிரிந்து நின்ற தென்மாநிலக் கூட்டமைப்பின் உளவாளிகளான ஜானியும் (ஆர்பிசன்) ஸ்டீவும் சான் பிரான்சிஸ்கோவின் நாணயச் சாலையிலிருந்து தங்கத்தைக் கொள்ளையடிக்கிறார்கள். தங்கத்தைக் கொண்டு சேர்ப்பதற்குள் போர் முடிந்துவிடுகிறது. நேற்றுவரை போர்க்கடமையாக இருந்த செயல் இன்று வெறும் திருட்டு. ஆகவே எடுத்த தங்கத்தை யாரிடமும் பிடிபடாமல் எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்க வேண்டும். உண்மையில் இது நல்ல முடிச்சு. சார்ந்திருந்த நாடே ஒரே இரவில் இல்லாமல் போய்விட்ட இருவரின் நிலையில் எவ்வளவோ சொல்லியிருக்கலாம். முதலில் இது தீவிரமான கௌபாய் படமாகத்தான் திட்டமிடப்பட்டது. பிறகு நகைச்சுவைப் படமாக மாற்றி எழுதப்பட்டது. அந்த மாற்றத்திலேயே ஆர்பிசன் தோற்றுவிட்டார் என்பது என் எண்ணம். துயரத்தைச் சுமக்கும் பாத்திரத்தில் அவருடைய அசைவின்மை கனமாகத் தெரிந்திருக்கும். கேலியும் கலாட்டாவும் நிறைந்த கதையில் அதே அசைவின்மை, வசனத்தை மறந்துவிட்டு நிற்பவரின் திகைப்பாகத் தெரிகிறது.

தயாரிப்பாளர் சாம் கட்ஸ்மேன். குறைந்த செலவில், மிகக் குறைந்த நாட்களில், எந்த இசை அப்போது விற்கிறதோ அதை வைத்துப் படமெடுப்பதில் பேர்போனவர். 1956இல் ராக் அண்ட் ரோல் அலை எழுந்ததும் அதை முதலில் படமாக்கி விற்றவர்களில் ஒருவர். எல்விஸை வைத்தும் இரண்டு படங்கள் தயாரித்தவர். இயக்குநர் மைக்கேல் டி. மூர் மௌனப் படக் காலத்தில் குழந்தை நட்சத்திரமாக இருந்தவர். பின்னாளில் பெரிய சாகசப் படங்களின் இரண்டாம் படப்பிடிப்புக் குழுவை வழிநடத்தி மதிப்புப் பெற்றவர். குதிரைகளையும் வண்டிகளையும் எப்படிப் படமாக்குவது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். முன்பின் நடித்திராத, கூச்ச சுபாவமுள்ள ஒரு பாடகரிடமிருந்து நடிப்பை வரவழைப்பது வேறு வேலை. அதற்குப் பொறுமையும் நாட்களும் வேண்டும், கட்ஸ்மேன் பாணித் தயாரிப்பில் இரண்டும் கிடைப்பது அரிது. ஸ்டீவாக நடித்த சாமி ஜாக்சன் தொலைக்காட்சியில் பழகியவர் என்பதால் பேச்சு வேலையில் பெரும்பகுதியை அவரே சுமக்கிறார். 'வூலி புல்லி' பாடிய சாம் தி ஷாமும் ஒரு சிறு வேடத்தில் தலைகாட்டுகிறார், அவரும் எம்.ஜி.எம். பாடகர்தான். பூர்வகுடியினராக வருபவர்களில் ஒருவரான அயர்ன் ஐஸ் கோடி, வாழ்நாள் முழுவதும் தன்னைப் பூர்வகுடியினராகவே சொல்லிக்கொண்டாலும், உண்மையில் இத்தாலிய வம்சாவளியினர். அன்றைய ஹாலிவுட்டின் மெய்மைப் பற்று அவ்வளவுதான்.

இனி அந்தக் கிட்டார். ஜானியின் கிட்டாருக்குள் ஒரு துப்பாக்கி மறைந்திருக்கிறது. எதிரியைப் பார்த்து, இதைக் கொண்டே உன்னைக் கொல்லவும் முடியும், அதே நேரத்தில் உன் சவ ஊர்வலத்துக்கான இசையை வாசிக்கவும் முடியும் என்ற பொருளில் ஒரு வசனம் பேசுகிறார். படத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் அனைவரும் இந்த வசனத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். சொன்னதில் துளி நம்பிக்கையும் தெரியவில்லை என்று இசை வரலாற்று எழுத்தாளர் காலின் எஸ்காட் எழுதியிருக்கிறார். சரியான கணிப்புதான். ஆனால் கேலிக்காக எழுதப்பட்ட அந்த மிரட்டலை நம்பும்படி சொல்லக்கூடிய நடிகர் யார் என்று யோசித்தால் எனக்கு எவரும் நினைவுக்கு வரவில்லை.

இங்கே ஒரு காலப் பொருத்தத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனியின் மூன்று 'டாலர்' கௌபாய் படங்களும் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்து சேர்ந்தது இதே 1967ஆம் ஆண்டில்தான். அவற்றில் கிளின்ட் ஈஸ்ட்வுட் பேசுவது அரிது, சிரிப்பது அதைவிட அரிது. அவர் அசையாமல் நிற்க, எனியோ மொரிகோனியின் இசை அவருக்குப் பதிலாகப் பேசுகிறது. அசைவின்மையும் மௌனமும் கௌபாய் படத்தின் புதிய இலக்கணமாகிக்கொண்டிருந்த அதே ஆண்டில், கறுப்பு உடையும் கறுப்புக் கண்ணாடியுமாக அந்த இலக்கணத்தைத் தன் உடம்பிலேயே வைத்திருந்த டெக்ஸஸ்காரர் ஒருவரை, எம்.ஜி.எம். ஆடும் பெண்கள் நிறைந்த ஒரு கேளிக்கைப் படத்தில் புன்னகைக்க வைத்தது. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே ஹாலிவுட்டில் ஒருவருக்கு இது தெரிந்திருந்தது. 'ரியோ பிராவோ' படத்தில் பதினெட்டு வயதுப் பாடகர் ரிக்கி நெல்சனை நடிக்க வைத்த இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ், அவருடைய பேச்சைக் குறைத்து, அனுபவமுள்ள நடிகர்கள் நடுவே அமைதியான இளைஞனாக நிறுத்தி, சிறைக்கூடத்தில் டீன் மார்ட்டினோடு சேர்ந்து பாட விட்டார். நெல்சன் பெரிய நடிகரல்லர். ஆனால் அந்தப் படத்தில் அது ஒரு குறையாகவே தெரிவதில்லை.

படப்பிடிப்பு நடந்த ஆண்டையும் கவனிக்க வேண்டும். 1966ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஆர்பிசனின் மனைவி கிளாடெட் டென்னசியில் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். அதே ஆண்டின் பிற்பகுதியில் அவர் ஒப்பனையோடு இந்த நகைச்சுவைப் படத்தின் கேமரா முன்னால் நின்றார். அவருடைய நடிப்புக்கு இதைக் காரணமாகச் சொல்வது எளிது. அவர் அப்படி எதுவும் சொல்லிக்கொண்டதாகத் தெரியவில்லை. மாறாக, படம் தனக்குப் பிடித்திருந்ததாகவே அவர் காட்டிக்கொண்டார்.

பாடல்கள் அனைத்தையும் ஆர்பிசனும் பில் டீஸும் சேர்ந்து எழுதினார்கள். 'ஓ, பிரிட்டி வுமன்' பாடலை எழுதியதும் இதே இணைதான். தனி இசைத்தட்டாக வந்த அவற்றில் 'பிஸ்டலேரோ', 'ரிவர்' போன்றவை இன்றும் கேட்கத் தக்கவை. ஆனால் அவருடைய மான்யுமென்ட் காலப் பாடல்களில் இருந்த அந்த ஏற்றம், கேட்பவரை விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தும் அந்தக் கட்டமைப்பு, இவற்றில் பெரும்பாலானவற்றில் இல்லை. படத்துக்கு வேண்டியிருந்தது வண்டி ஓட்டும்போது ஒரு பாட்டு, விருந்தில் ஒரு பாட்டு என்ற அளவில்தான். இரண்டேகால் நிமிடத்தில் ஒரு முழு நாடகத்தை நிகழ்த்தக்கூடியவருக்கு, எண்பத்தேழு நிமிடப் படத்தில் அப்படி ஒரு வாய்ப்புகூட அமையவில்லை.

சினிமாவுக்கும் அவருக்கும் இடையிலான கணக்கு அதோடு தீர்ந்துவிடவில்லை. 1986இல் டேவிட் லிஞ்ச் தன் 'ப்ளூ வெல்வெட்' படத்தில் 'இன் ட்ரீம்ஸ்' பாடலை ஒரு கொடூரமான காட்சியில் வைத்தார். ஆர்பிசன் முதலில் அதிர்ந்துபோனார், பிறகு ஏற்றுக்கொண்டார். அவருடைய உடம்பு இல்லாமல் குரல் மட்டும் திரைக்கு வந்தபோது அது எவ்வளவு பயங்கரமாக நடித்தது என்பதை அப்போதுதான் பலர் கண்டார்கள். 1987இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கோக்கனட் குரோவ் அரங்கில், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், எல்விஸ் காஸ்டெல்லோ, டாம் வெயிட்ஸ் முதலியோர் பின்னால் நின்று வாசிக்க, கறுப்பு வெள்ளையில் பதிவு செய்யப்பட்ட நிகழ்ச்சியில் அவர் கண்ணாடியோடு அசையாமல் நின்று பாடுகிறார். அவரை வைத்து எடுத்தவற்றில் அதுவே மிகச் சிறந்தது என்பேன். அடுத்த ஆண்டு டிசம்பரில், 52 வயதில், அவர் காலமானார்.

கௌபாய் படத்துக்காக உருவான அந்த இசைத்தட்டில் 'தேர் வோண்ட் பி மெனி கமிங் ஹோம்' என்று ஒரு பாடல் இருக்கிறது. போருக்குப் போனவர்களில் வீடு திரும்பப் போகிறவர்கள் மிகச் சிலரே என்பதுதான் அதன் பொருள். வியட்நாம் போர் உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது வந்த அந்தப் பாடல் பிரிட்டனில் முதல் இருபது இடங்களுக்குள் வந்தது. கேளிக்கையாக மாற்றப்பட்ட படத்தோடு அதன் தொனி சற்றும் ஒட்டாது. கைவிடப்பட்ட அந்தத் தீவிரமான படத்தின் மிச்சம்போல் இருக்கிறது. 2015இல் குவென்டின் டாரன்டினோ தன் 'தி ஹேட்ஃபுல் எய்ட்' படத்தை இந்தப் பாடலோடு முடித்தார். உள்நாட்டுப் போரில் எதிரெதிர் அணிகளில் நின்றவர்கள் போருக்குப் பின்னும் ஒருவரையொருவர் கொன்று தீர்க்கும் கதை அது. அதற்கு இசையமைத்து ஆஸ்கார் விருது பெற்றவர் மொரிகோனி. 1967இல் ஆர்பிசனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய படம் ஏறத்தாழ இப்படித்தான் இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன், அவருக்கு வசனங்கள் மட்டும் இன்னும் குறைவாக.