கோட்டுக்காரனும் அப்பாவும்

ஒக்டோபர் 21, திங்கள்
அப்பாவின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வரவில்லை. வியாழக்கிழமை வந்து பார்க்கட்டாம்.

ஒக்டோபர் 22, செவ்வாய்
இரவு கொலம்போ என்ற பழைய அமெரிக்கத் துப்பறியும் தொடரில் ஒரு பாகம். அப்பா சாய்மனைக் கதிரையில், நான் பாயில். கொலையை முதலிலேயே காட்டிவிடுவார்கள். யார், எப்படி எல்லாம் நமக்குத் தெரியும். மறுகா கசங்கின கோட்டோடு அவன் வந்து எப்படிப் பிடிக்கிறான் என்பதுதான் கதை. "பயமில்லாமப் பாக்கலாம் புள்ள, ஆளு ஆரெண்டு தெரியும்தானே" என்பார் அப்பா.

கொலம்போவாக நடித்த பீற்றர் ஃபோக்கின் வலது கண் கண்ணாடிக் கண், மூன்று வயதில் கண்ணை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அப்பாவுக்குப் பெரிய சந்தோஷம். நாற்பது வருடம் வலக்கண்ணில் லென்ஸைக் கவ்விக்கொண்டு மணிக்கூடு திருத்தியவர் அவர். "அதான் கோட்டுக்காரன் தலையச் சரிச்சுப் பாக்கிறான்!"

ஒக்டோபர் 24, வியாழன்
இன்றும் இல்லை. கவுண்டரில் இருந்தவர் தலை நிமிரவே இல்லை. திரும்பும்போது கல்லடிப் பாலத்தில் அப்பா வாவியையே பார்த்துக்கொண்டு வந்தார். விழுங்க நோகுதாம். கஞ்சி மட்டும் குடித்தார்.

ஒக்டோபர் 27, ஞாயிறு
நித்திரை வரவில்லை. இரவு பார்த்த கொலம்போ பாகத்தைத் தெரிந்தெடுத்தது நான். படகுகள் வருகின்றன, அப்பாவுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். 1976 மே மாதம் வந்தது, ஐந்தாம் சீசனின் கடைசி.

படகு கட்டும் கம்பனிக்காரர் ஒருவர், எல்லாரும் கொமடோர் என்று கூப்பிடுகிற கிழவர், செத்துக் கிடக்கிறார். அடித்ததைக் காட்டவில்லை. மகளின் புருஷன் தடயத்தைத் துடைத்து, உடலைக் கடலுக்குக் கொண்டுபோகிறான். சரி, இவன்தான் என்று நாங்கள் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாதி தாண்டி அவனையே கொன்றுவிடுகிறார்கள். அப்பா என் பக்கம் திரும்பினார். "அப்ப ஆரு புள்ள?"

எனக்கு எப்படித் தெரியும்?

கொலம்போவும் அவனாக இல்லை. ஆட்களின் முகத்துக்குள் முகத்தை வைத்துக் கதைக்கிறான், தோளில் கை போட்டு இழுக்கிறான், ஒரு கேள்வி கேட்க ஒரு யுகம் எடுக்கிறான். கடைசியில் எல்லாரையும் இருத்திவைத்து, ஒரு மணிக்கூட்டை ஒவ்வொருவர் காதிலும் பிடித்து "கொமடோரின் மணிக்கூடு" என்கிறான். கொமடோரின் பெறாமகன் மட்டும் "இல்லை" என்று வாய் விடுகிறான். கொமடோரின் மணிக்கூடு உடைந்துபோனது, அது கொன்றவனுக்குத்தான் தெரியும். அவ்வளவுதான்.

அப்பா ரிமோட்டை எடுத்து நிற்பாட்டினார். "காத்திருக்க இஞ்ச ஒண்டு போதாதா? அவனும் ஏன் இப்பிடிச் செய்யிறான்?" குரல் அரைவாசி வெளியே வரவில்லை. விளக்கை அணைக்கச் சொன்னார். இவ்வளவு நாளும் ரிப்போர்ட்டைப் பற்றி ஒரு சொல் சொல்லாத மனிசன்.

ஒக்டோபர் 29, செவ்வாய்
ரீவி போடவில்லை. மழை.

ஒக்டோபர் 31, வியாழன்
தீபாவளி. பலகாரம் ஒன்றும் சுடவில்லை. பக்கத்து வீட்டு மாமி முறுக்கு தந்தா, அப்பா ஒன்றை எடுத்து மணந்துவிட்டு வைத்தார்.

கட்டாரிலிருந்து தம்பி எடுத்தான். அந்தப் பாகத்தைப் பற்றியே அவனிடம் அரை மணித்தியாலம் கதைத்தேன். அதை இயக்கிய பற்றிக் மக்கூஹன் முன்னம் இரண்டு பாகங்களில் கொலைகாரனாக எவ்வளவு நல்லாச் செய்தவர்! தொடரின் உயிர் எதில் இருக்கிறது என்று தெரிந்த ஆள் அதிலேயே கைவைக்கலாமா? தம்பி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, அப்பா சாப்பிடுறாரா?" என்றான்.

நவம்பர் 2, சனி
அப்பா தானாகவே கேட்டார், அந்த மணிக்கூட்டுக் கட்டம் மட்டும் திரும்பப் போடச் சொல்லி. கதிரை நுனியில் இருந்து பார்த்தார். மறுகா லாச்சியிலிருந்து தன் பழைய கைமணிக்கூட்டை எடுத்துச் சாவி கொடுத்து என் காதில் வைத்தார். டிக் டிக் என்று சின்னதாக, ஒரே சீராக ஓடியது. அவர் விரல் என் கன்னத்தில் பட்டது, நல்ல சூடு. காய்ச்சல்.

"இது மட்டும் சரியாச் செய்திருக்கான்" என்றார்.

நவம்பர் 4, திங்கள்
போன் வந்தது. நாளைக்குக் காலை எட்டு மணிக்கு வரட்டாம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு. என்னவென்று கேட்டேன், போனில் சொல்ல மாட்டார்களாம்.

நவம்பர் 5, செவ்வாய்
ஐந்தரைக்கே எழும்பிச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் இருக்கிறார். கையில் அந்த மணிக்கூடு. பின்னேரம் வந்து பழைய பாகம் ஒன்று போடுவோமாம், முதலே ஆளைக் காட்டுகிற பாகம். ஓட்டோ வந்துவிட்டது.