பி.எச். 8.2, கே.எச். 14: இந்தத் தண்ணீரில் என்ன மீன் விடலாம்?

வாளியின் உட்புறம் வெள்ளைப் படிவு, சோப்பு போட்டால் நுரை வருவதில்லை, தண்ணீரின் அமில-கார அளவான பி.எச். 8-ஐத் தாண்டி நிற்கிறது. இப்படித் தண்ணீர் வருகிற வீட்டில் மீன் தொட்டி வைக்கிறேன் என்றதும் அதை இறக்கும் 'பி.எச். டவுன்' அமிலம் ஒரு பாட்டில் வாங்கி ஊற்றச் சொல்வார்கள். ஊற்றாதீர்கள்.

பி.எச்.சைப் பிடித்து வைத்திருப்பது கே.எச்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட். கே.எச். 14 இருக்கும் தண்ணீரில் அமிலம் விட்டால் பி.எச். இறங்கத்தான் செய்யும். ஆனால் அமிலமும் பைகார்பனேட்டும் சேர்ந்து உண்டான கரியமில வாயு வெளியேறியதும், மறுநாளே பழைய இடத்துக்குப் பக்கத்தில் ஏறி நிற்கும். மறுபடி ஊற்றினால் மறுபடி இறங்கும். அசையாமல் நிற்கும் 8.2-ஐ நிறைய மீன்கள் தாங்கிக்கொள்ளும்; 7-க்கும் 8-க்கும் இடையே தினம் ஆடுவதுதான் மீனைக் கொல்லும். அந்த பாட்டிலில் இருப்பது பாஸ்பேட் வகை என்றால் பாசியும் இலவசம். கால்சியத்தோடு சேர்ந்து தண்ணீர் பால் மாதிரி கலங்கும்.

மீன் வாங்கும் முன் மூன்று அளவுகள் வேண்டும்: ஜி.எச். (கால்சியம், மெக்னீசியம் தரும் கடினத்தன்மை), கே.எச்., பி.எச். குழாயில் பிடித்த கையோடு பி.எச். பார்த்தால் ஏமாற்றும். நிலத்தடி நீரில் கரியமில வாயு அதிகம் இருக்கும், அதனால் அளவு குறைத்துக் காட்டும். ஒரு பாத்திரத்தில் ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு 24 மணி நேரம் விட்டுப் பிறகு பாருங்கள். ஜி.எச்., கே.எச். இரண்டுக்கும் சொட்டு கிட்தான் சரி. பெரும்பாலான கிட்டுகளில் 5 மி.லி. தண்ணீருக்கு நிறம் மாறும்வரை எத்தனை சொட்டோ அத்தனை டிகிரி. 1 டிகிரி என்பது 17.9 பி.பி.எம். (லிட்டருக்கு மி.கி.). கரைந்த உப்புகளின் மொத்தத்தைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வைத்துக் கடினத்தன்மையை முடிவு செய்ய முடியாது. 900 காட்டினால் அது கால்சியமாகவும் இருக்கலாம், சோடியமாகவும் இருக்கலாம். வீட்டில் உப்பு போடும் சாஃப்ட்னர் இருந்தால் அதற்கு முன்னால் உள்ள குழாயில் பிடியுங்கள். அது கால்சியம், மெக்னீசியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைக் கொடுக்கிறது, கே.எச். அப்படியே இருக்கும். அந்தத் தண்ணீரால் மீனுக்கு லாபமில்லை.

ஜி.எச். 12-க்கு மேல், பி.எச். 7.8-க்கு மேல் என்றால் என் முதல் தேர்வு குட்டி போடும் மீன்கள்தான்: கப்பி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயில், மோலி. இதில் மோலிக்கு இந்தத் தண்ணீர் சலுகையல்ல, தேவை. மென்மையான தண்ணீரில் விட்ட மோலி சில வாரங்களில் ஒரே இடத்தில் நின்றபடி உடம்பை மட்டும் நெளித்துக்கொண்டிருக்கும், முன்னே நகராது. மருந்து தேடுவதற்கு முன் ஜி.எச்.சையும் வெப்பநிலையையும் பாருங்கள். எந்த வகையானாலும் ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண் விடுங்கள். பெண்ணை மட்டும் வாங்கினால் குட்டி வராது என்று நம்ப வேண்டாம், விந்தணுவை மாதக்கணக்கில் சேமித்து வைத்திருக்கும்.

நூறு லிட்டருக்கு மேல் தொட்டி இருந்தால் போய்ஸ்மனி ரெயின்போ மீனை ஆறு எட்டாக விடலாம். அதன் சொந்த ஏரிகளே கடினமான காரத் தண்ணீர்தான். கடையில் சாம்பல் நிறத்தில் இருக்கும் குட்டியைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள், வளர்ந்த பிறகுதான் நிறம் ஏறும்.

சின்னத் தொட்டிக்கு என்னைக் கேட்டால் ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் காலி நத்தை ஓட்டுக்குள் வாழும் சிக்லிட் இன மீன், மல்டிஃபேசியாட்டஸ். நாலைந்து செ.மீ.க்கு மேல் வளராது, 60 லிட்டரில் ஒரு குடும்பமே வாழும். அடியில் 5 செ.மீ. உயரத்துக்கு நைஸ் மணல், மீன் எண்ணிக்கையைவிடக் கூடுதலாகக் காலி நத்தை ஓடுகள், அவ்வளவு போதும். மணலை வாயால் அள்ளி ஓட்டைப் புதைத்து வாசலை மட்டும் திறந்து வைக்கும். நீங்கள் சமன்செய்தால் ராத்திரிக்குள் கலைத்துவிடும்.

மலாவி ஏரியின் ம்பூனா (பாறைகளிடையே வாழும் சிக்லிட்) வகைகளுக்கு 120 செ.மீ. நீளத் தொட்டியாவது வேண்டும். (மலாவித் தண்ணீர் அப்படியொன்றும் கடினமில்லை, பி.எச். தான் உயரம்.) பாறையில் பாசி மேய்கிற வகைகளுக்கு ரத்தப்புழு, இறைச்சி கொடுத்தால் வயிறு உப்பிச் சாகலாம். கப்பியோடு சேர்த்து விட்டால் கப்பி இரையாகிவிடும். தண்ணீர் ஏற்கெனவே கடினமாக இருக்கும்போது கடினத்தை ஏற்றும் பவளமணல் வாங்கிக் கொட்டுவது வீண் செலவு.

செர்ரி இறால், நத்தைகள் இரண்டும் இதில் நன்றாக வரும், ஓடு அரிக்காது. செடியில் வாலிஸ்னேரியா பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும். இலைமேல் வெள்ளைப் பொருக்கு படிந்தால் அது சுண்ணாம்பு, நோயல்ல.

இந்தத் தண்ணீரில் உண்மையான ஆபத்து அம்மோனியா. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் விஷமான பகுதி சுமார் 0.6 சதவீதம். 8-இல் அது 5, 8.5-இல் 15. தொட்டி தயாராகும் முன்பே மீன் விடும் அவசரக்காரர் மென்மையான தண்ணீரில் தப்பிக்கலாம், இங்கே தப்ப மாட்டார். ஃபில்டரில் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா முழுதாக வளர்ந்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன்.

வெகுதூரம் பையில் வந்த மீனுக்கும் இதே கணக்கு. பைக்குள் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அம்மோனியா விஷமில்லாத வடிவில் கிடக்கும். பையைத் திறந்து காரத் தண்ணீரை மணிக்கணக்கில் சொட்டுவிட்டால் அந்த அம்மோனியாவில் விஷமான பகுதி பல மடங்காகிவிடும். கட்டிய பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, திறந்ததும் வலையில் பிடித்துத் தொட்டியில் விடுங்கள், பைத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுங்கள். பக்கத்துக் கடையிலிருந்து அரை மணியில் வந்த மீனுக்கு மெதுவாகக் கலப்பது சரி.

டிஸ்கஸ், ராம், கார்டினல் டெட்ரா, சாக்லேட் கௌராமி போன்ற மென்தண்ணீர் மீன்கள்தான் வேண்டுமென்றால் ஆர்.ஓ. தண்ணீர் கலந்தாக வேண்டும். ஜி.எச். 16, கே.எச். 14 உள்ள குழாய்த் தண்ணீரோடு மூன்று மடங்கு ஆர்.ஓ. சேர்த்தால் ஜி.எச். 4, கே.எச். 3.5 வரும். 200 லிட்டர் தொட்டியில் வாரம் கால் பங்கு மாற்ற 37 லிட்டருக்கு மேல் ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும், அதே விகிதத்தில், ஒவ்வொரு வாரமும். ஆவியான அளவை மட்டும் ஈடுகட்டும்போது வெறும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள், உப்புகள் ஆவியாவதில்லை.