கிரேட் லேக்ஸுக்குப் போன கடிதங்கள்

பிள்ளையைக் கடற்படைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருப்பவர்களால் செய்ய முடிவது கொஞ்சம்தான். அதில் பெரிய வேலை கடிதம் எழுதுவது. விடாமல் எழுதினால் அது அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய பலம் என்பதை என் தங்கை மகள் விஷயத்தில் கண்கூடாகப் பார்த்தேன். அண்மையில் ஒரு தமிழ்க் குடும்பம், மகன் அமெரிக்கக் கடற்படையில் சேரப்போகிறான், எங்களுக்குத் தலையும் புரியவில்லை காலும் புரியவில்லை என்று என்னைக் கூப்பிட்டது. அவர்களிடம் போனில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கிறேன்.

பாப்பா 2024 ஜனவரி முதல் வாரத்தில் கிளம்பினாள். வீட்டில் அவளுக்கு இன்னும் அதுதான் பெயர். நாங்கள் ஒஹையோ மாநிலத்தில், கொலம்பஸில் இருக்கிறோம். மச்சான் தவறிய பிறகு தங்கை என் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவுக்கே குடி வந்துவிட்டாள். அவள் நர்ஸ், பெரும்பாலும் இரவு ஷிப்ட். அதனால் பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது, கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது எல்லாம் நான்தான். காதுகுத்துக்கு மடியில் உட்கார வைத்துக்கொண்ட தாய்மாமன், இதற்கும் கூட நிற்க வேண்டியது என் முறை.

அவள் தேர்ந்தெடுத்தது ஹாஸ்பிடல் கோர்மன் வேலை. கப்பல்களிலும் மரைன் படைப் பிரிவுகளிலும் அடிபட்டவர்களுக்கு முதலில் ஓடிப்போய்ச் சிகிச்சை செய்பவர்கள் அவர்கள். அம்மாவின் வேலையைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்த ஆசை வந்ததில் வியப்பில்லை. அவள் போன பிறகு நடந்த பொங்கல் விழாவில் ஒருவர் தங்கையிடம், "ஏம்மா, காலேஜ்ல இடம் கிடைக்கலையா?" என்று கேட்டார். கிடைத்திருந்தது. "அவளுக்கு இதுதான் பிடிச்சிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தங்கை பொங்கல் வாங்கப் போய்விட்டாள்.

சரி, இடத்தைப் பற்றி. அதிகாரிகள் அல்லாத மாலுமியாகச் சேரும் அத்தனை பேருக்கும் இப்போது அமெரிக்கா முழுக்க ஒரே பயிற்சி முகாம்தான். சிகாகோவுக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் கிரேட் லேக்ஸ். 1911-ல் தொடங்கியது. முன்பு சான் டியாகோவிலும் ஆர்லாண்டோவிலும் முகாம்கள் இருந்தன. 1990-களில் அவற்றை மூடியதிலிருந்து எல்லோரும் இங்கேதான் வருகிறார்கள். தங்கும் கட்டடத்தையே 'ஷிப்' என்பார்கள். தரை 'டெக்', சுவர் 'பல்க்ஹெட்', கழிவறை 'ஹெட்'. ஏறக்குறைய 80 பேர் சேர்ந்தது ஒரு டிவிஷன். அவர்களைப் பழக்குகிறவர்களுக்கு ஆர்.டி.சி. என்று பெயர், தோளில் சிவப்புக் கயிறு தொங்கும். பாப்பா போனபோது பயிற்சி பத்து வாரம். 2025 தொடக்கத்திலிருந்து ஒன்பது வாரமாக்கியிருக்கிறார்கள்.

போய்ச் சேர்ந்த இரவு ஒரு போன் வரும். "வந்து சேர்ந்துட்டேன், நல்லா இருக்கேன், விலாசம் பின்னாடி வரும்" என்கிற மாதிரி நாலு வரி, அவ்வளவுதான். எழுதிக் கொடுத்ததை வாசிக்கும் குரல். கேட்கிறவர்களுக்குப் பகீரென்று இருக்கும். முன்கூட்டியே தெரிந்திருந்ததால் தங்கை தாங்கிக்கொண்டாள். அதன் பிறகு போன் என்பது அவர்கள் கொடுக்கும்போதுதான். சில நாளில் அவள் போட்டுக்கொண்டு போன உடுப்பும் ஷூவும் ஒரு அட்டைப்பெட்டியில் தபாலில் திரும்பி வந்தன. தங்கை அந்த ஸ்வெட்டரைத் துவைக்காமல் அலமாரியில் எடுத்து வைத்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

விலாசம் வரும்வரை சும்மா இருக்கக் கூடாது. அன்றைய கடிதத்தை அன்றே எழுதி, தேதி போட்டு அடுக்கி வைத்துவிட வேண்டும். ஷிப் எண்ணும் டிவிஷன் எண்ணும் வந்ததும் மொத்தமாகப் பெட்டியில் போடலாம். வெள்ளை உறையாக இருக்கட்டும். ஸ்டிக்கர், மினுமினுப்பு, வாசனை எதுவும் வேண்டாம். எல்லோர் முன்னாலும் பிள்ளை கவனிக்கப்படுவாள், அதற்கு அவள்தான் பதில் சொல்ல வேண்டி வரும். முறுக்கு, அதிரசம் அனுப்பினால் அவள் வாய்க்குப் போய்ச் சேராது.

என்ன எழுதுவது என்பதில்தான் நம் ஆட்கள் தடுமாறுகிறார்கள். உடம்பைப் பார்த்துக்கொள், உன்னை நினைத்துத் தூக்கமே வரவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் தூக்கமும் நேரமும் இல்லாமல் திட்டு வாங்கிக்கொண்டிருக்கும் பிள்ளை, அம்மாவின் அழுகையையும் சேர்த்துச் சுமக்க வேண்டுமா? வீடு வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கிறது, நீ திரும்பி வரும்போது எல்லாம் அப்படியே இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தால் போதும். அதனால் நான் சின்னச் சின்ன விஷயங்களாக எழுதினேன். பக்கத்து வீட்டு நாய் வேலி தாண்டியது, பனி அள்ளி முடிக்க ஆன நேரம், அவள் அம்மா புதிதாகக் கற்றுக்கொண்ட காளான் பிரியாணி.

அப்புறம் கிரிக்கெட். இங்கிலாந்து அணி இந்தியாவுக்கு வந்து டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்த நேரம் அது. நானும் அவளும் சேர்ந்துதான் எப்போதும் மேட்ச் பார்ப்போம். ராஜ்கோட்டில் அஸ்வின் 500-வது விக்கெட் எடுத்ததை அவள் என் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டாள். அந்த ஓவரை நான் அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தேன். யஷஸ்வி ஜெய்ஸ்வால் இரட்டைச் சதம் அடித்ததையும் விடவில்லை. பதிலில் அவள் முதல் வரியே "மாமா, அடுத்த டெஸ்ட் என்ன ஆச்சு?" என்றுதான் இருந்தது.

மானாமதுரையில் இருக்கும் என் அம்மாவும் எழுதினார். பாப்பா ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்தவள், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அம்மா நோட்டுத்தாளில் பெரிய பெரிய எழுத்தாக எழுதி, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். நான் அச்செடுத்து உறையில் வைப்பேன். வைகையில் தண்ணீர் போவது, ஆனந்தவல்லி அம்மன் கோயிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்தது, வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, அதில் ஒன்றுக்கு அவள் பெயரையே வைத்தது. "அம்மாச்சி கடிதம்தான் ரொம்ப நேரம் வருது" என்று பாப்பா எழுதியிருந்தாள். என்னுடையதை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவாளாம். அம்மாச்சியின் ஒரு பக்கம், வாரம் முழுக்க இரவில் கொஞ்சம் கொஞ்சமாக வாசிக்கக் கிடைக்குமாம். மேல் படுக்கையில் இருந்த டெக்சஸ் பெண்ணுக்கு ஆட்டுக்குட்டிச் செய்தி மட்டும் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறாள்.

அவள் எழுதியவை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் கடிதங்கள். அன்றைக்குத்தான் சில மணி நேரம் அவர்களுக்கென்று கிடைக்கும். முதல் கடிதத்தில் பாதிக்கு மேல் துணி மடிப்பதைப் பற்றி. ஒவ்வொரு உடுப்புக்கும் ஒரு மடிப்பு, ஒரு அளவு, அலமாரியில் ஒரு இடம். ஒருத்தி சரியாக மடிக்காவிட்டால் எல்லோரும் சேர்ந்து தண்டால் எடுக்க வேண்டும். எழுத்து சாய்ந்து சாய்ந்து போயிருந்தது, முழங்காலில் வைத்து எழுதியிருப்பாள். கடைசி வரியில், "நான் அழல. அம்மாகிட்ட சொல்லுங்க." அந்த வரியைத் தங்கை திரும்பத் திரும்பப் படித்தாள்.

கஷ்டம் வந்தது நீச்சலில். உயரமான மேடையிலிருந்து ஆழத் தண்ணீரில் குதிக்க வேண்டும், 50 கெஜம் நீந்த வேண்டும், ஐந்து நிமிடம் குப்புற மிதக்க வேண்டும். இது தேறாமல் யாரும் பட்டம் பெற முடியாது. தேறாதவர்களுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள், கைவிடுவதில்லை. ஆனால் ரொம்பப் பின்தங்கினால் வேறு டிவிஷனுக்கு, பின்னால் வந்த கூட்டத்தோடு மாற்றிவிடுவார்கள். அதற்கு 'ஆஸ்மோ' என்று பெயர். அங்கே இருக்கும் பிள்ளைகள் அந்தச் சொல்லைக் கேட்டாலே நடுங்குவார்கள். கூடப் பழகியவர்கள் போய்விடுவார்கள், பட்டமளிப்புத் தேதியும் தள்ளிப்போகும்.

பாப்பாவுக்கு மிதக்க வரவில்லை. நடுவில் ஒரு போன் கிடைத்தபோது, "மாமா, என்னால முடியல, என்னை ஆஸ்மோ பண்ணிடுவாங்க" என்று விசும்பினாள். தங்கை போனை வாங்கினாள். குரல் கொஞ்சமும் மாறவில்லை. "மூச்சை இழுத்து வெச்சுக்க, தலையைத் தண்ணிக்குள்ள விடு, கழுத்தை விறைக்காதே. தேதி தள்ளிப்போனா நாங்க தள்ளி வர்றோம். அவ்வளவுதானே?" போனை வைத்த பிறகுதான் உட்கார்ந்தாள். அந்த வாரமே பாப்பா தேறிவிட்டாள். அம்மா சொன்ன மூச்சு விஷயம்தான் உதவியது என்று எழுதினாள். தேதி தள்ளினாலும் பரவாயில்லை என்றதுதான் அதைவிட உதவியிருக்கும் என்பது என் எண்ணம். இதனால்தான் சொல்கிறேன்: ஹோட்டல், விமான டிக்கெட் எல்லாம் ரத்து செய்யக்கூடியதாகவே எடுங்கள்.

இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது உயிருக்கு ஆபத்து, மரணம் என்றால் முகாமுக்குப் போன் செய்து பிள்ளையைப் பிடிக்க முடியாது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகத்தான் அவசரச் செய்தி அனுப்ப வேண்டும். அவர்கள் விசாரித்து உறுதி செய்து அதிகாரிகளிடம் சேர்ப்பார்கள். பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த தேதி, டிவிஷன் எண் எல்லாம் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். தேவைப்படாமல் போனது நல்லகாலம்.

பயிற்சியின் கடைசிப் பெரிய சோதனை பேட்டில் ஸ்டேஷன்ஸ். ஒரு கட்டடத்துக்குள் தண்ணீர்த் தொட்டி, அதில் 210 அடி நீளத்தில் ஒரு போர்க்கப்பலின் மாதிரி. பெயர் டிரேயர். அதில் ஒரு இரவு முழுக்க, 17 விதமான ஆபத்துகள். கப்பல் தீப்பிடிக்கும், அறைக்குள் வெள்ளம் ஏறும், புகைக்குள் காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். உண்மையில் நடந்தவற்றை வைத்து அமைத்திருக்கிறார்கள்: 1967-ல் ஃபாரஸ்டல் கப்பலில் பிடித்த தீ, 1987-ல் ஸ்டார்க் கப்பல் மேல் விழுந்த ஏவுகணை, 2000-ல் ஏடன் துறைமுகத்தில் கோல் கப்பல் மீது நடந்த தாக்குதல். கோலில் 17 மாலுமிகள் இறந்தார்கள். மருத்துவப் பணிக்குப் போகிற பெண்ணுக்கு அந்த இரவின் அர்த்தம் இன்னும் ஆழமானது. விடிந்ததும் 'ரெக்ரூட்' என்று எழுதிய தொப்பியைக் கழற்றிவிட்டு 'நேவி' என்று எழுதிய தொப்பியை வைத்துக்கொள்வார்கள். அதன் பிறகு வீட்டுக்கு ஒரு போன். தங்கை இரவு ஷிப்ட் முடித்து, மருத்துவமனை கார் நிறுத்தத்தில் நின்று அதைக் கேட்டாள். "அம்மா, நான் செய்லர் ஆயிட்டேன்." எனக்கு அடுத்த நிமிடமே போட்டாள், இரண்டு பேரும் பேச முடியாமல் அழுதோம். அன்றைக்கு அழலாம்.

மார்ச்சில் கொலம்பஸிலிருந்து காரிலேயே போனோம். உள்ளே வரப்போகிறவர்களின் பெயரைப் பிள்ளைதான் முன்கூட்டிக் கொடுக்க வேண்டும், எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. அடையாள அட்டை இல்லாமல் வாசலில் நின்று பயனில்லை. அணிவகுப்பு ஒரு பெரிய உள்ளரங்கில் நடக்கிறது. ஒவ்வொரு டிவிஷனும் தன் எண் எழுதிய கொடியோடு வரும். முகத்தைத் தேடாதீர்கள், கொடியைத் தேடுங்கள். எல்லோருக்கும் ஒரே கருநீல உடுப்பு, ஒரே வெள்ளைத் தொப்பி. எங்கள் எண் உள்ளே வந்ததும் தங்கை என் முழங்கையைப் பிடித்தாள், முடியும்வரை விடவில்லை. இணையத்திலும் நேரலை போகிறது. சிகாகோ காலை மானாமதுரைக்கு இரவு ஏழரை. அம்மா தெருவையே கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்.

"லிபர்ட்டி கால்", அதாவது இனி வெளியே போகலாம் என்று அறிவித்ததும் குடும்பங்கள் எல்லாம் இறங்கி ஓடின. பாப்பா நின்ற இடத்திலேயே நின்றாள். தங்கை கட்டிக்கொண்டாள், பிறகு கழுத்துத் துணியின் முடிச்சு கோணலாக இருப்பதாகத் தோன்றிக் கையைக் கொண்டுபோனாள். "அம்மா, தொடாதீங்க. அதைத் திரும்பக் கட்ட எவ்வளவு நேரமாகும் தெரியுமா?" பத்து வாரத்தில் நேரில் பேசிய முதல் வாக்கியம். தங்கை சிரித்துவிட்டாள். என்னிடம் வந்து, "மாமா, ஆட்டுக்குட்டி எப்படி இருக்கு?" என்றாள்.

மாலைக்குள் திரும்பிப்போக வேண்டும். பக்கத்து ஊரான கர்னியில் எடுத்திருந்த ஹோட்டல் அறைக்குக் கூட்டிப்போனோம். ஊர் சுற்றிக்காட்டத் திட்டம் போடாதீர்கள். அவர்களுக்கு வேண்டியது வீட்டுச் சாப்பாடும், போனும், கதவு சாத்திய ஓர் அறையும். எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுபோயிருந்தோம். தட்டை மடியில் வைத்தாள், சில நிமிடத்தில் காலி. "மெதுவாச் சாப்பிடுடி" என்றாள் தங்கை. அங்கே அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்தவாறே தூங்கினாள்.

கோர்மன் வேலைக்கான அடுத்த படிப்பு டெக்சஸில், சான் ஆன்டோனியோவில். கிளம்பும் நாளில் ஓஹேர் விமான நிலையத்தில் ஏர்லைன் கவுண்டரில் கேட்டுப்பாருங்கள், கேட் வரை கூட இருக்கக் குடும்பத்தாருக்கு அனுமதிச் சீட்டு கொடுப்பதுண்டு. எங்களுக்குக் கொடுத்தார்கள். அம்மாவும் மகளும் நரம்பு கிடைக்காத நோயாளிக்கு ஊசி ஏற்றுவது எப்படி என்று பேசிக்கொண்டே இருந்தார்கள், நான் காபி வாங்கி வந்தேன். போர்டிங் கூப்பிட்டதும் பையில் இருந்த கடிதக் கட்டை எடுத்துக் காட்டி, "அம்மாச்சியோடது இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு" என்றாள். புது விலாசம் வந்த அன்றே அம்மாவுக்கு அனுப்பினேன். டெக்சஸுக்குத் தபால் எத்தனை நாளில் போகும் என்று அம்மா கேட்டார். மூன்று நான்கு நாள் என்றேன். அப்படியானால் இன்றைக்கே எழுதிவிடுகிறேன் என்றார்.