பயோ பாலா, கல்லா?

பினாங்கு ஜெலுத்தோங் வீட்டில் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி வைத்து 9 வாரம். வடிகட்டிக்கு எதைப் போடுவது என்றுதான் அதிகம் மண்டையைக் குடைந்துகொண்டேன்.

கடைக்கார அண்ணன் பயோ பால், அதாவது பாக்டீரியா ஒட்டி வாழும் பிளாஸ்டிக் உருண்டைகள், ஒரு பை நீட்டினார். அது வேலை செய்யாது என்றில்லை. காற்றோட்டமான இடத்தில் பாக்டீரியா மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். அங்கேயே நின்றுவிடும். மீன் மட்டும் என்றால் தாங்கும். நைட்ரேட் ஏற ஏறப் பவளம் வாடும், பாசிக்குத்தான் கொண்டாட்டம். துளை நிறைந்த கல்லின் உள்ளே ஆக்சிஜன் எட்டாது. அங்கே வாழும் வேறு பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிவிடும். அதனால் கல்லையே எடுத்தேன், கூட கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஒரு ஸ்கிம்மர்.

பாக்டீரியா வளர ஒரு துண்டு இறாலை உள்ளே அழுகவிட்டு 6 வாரம் காத்திருந்தேன். அம்மா தினமும், "என்னய்யா, கல்லுக்கா கரண்ட் பில் கட்டுற?" அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0 காட்டிய பிறகுதான் 2 கோமாளி மீன் வந்தன.

இப்போது தலைவலி பினாங்கு வெயில். மதியம் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டுகிறது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கணும். அம்மாகிட்ட இன்னும் சொல்லல.