தொடங்கிவிட்ட சேவையும் தயாராகிவிட்ட சேவையும்

கையால் இயக்கினால் ஒழுங்காக ஓடும் செயலி, வழங்கியை மறுதொடக்கம் செய்தால் மட்டும் விழுந்து கிடக்கிறது என்ற புகாரோடு என்னிடம் வரும் யூனிட் கோப்புகள் (ஒரு சேவையை எப்படித் தொடங்க வேண்டும் என்று சொல்லும் அமைப்புக் கோப்புகள்) பலவற்றில் ஒரே குழப்பத்தைத்தான் காண்கிறேன். எது முன், எது பின் என்ற வரிசையையும், எது இல்லாமல் எது இயங்காது என்ற சார்பையும் எழுதியவர் ஒன்றாகவே எண்ணியிருப்பார். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி இவ்விரண்டையும் கறாராகப் பிரித்து வைத்திருக்கிறது.

செயலியின் யூனிட் கோப்பில் 'ரிக்வயர்ஸ்' என்று போட்டுத் தரவுத்தளத்தின் பெயரை எழுதினால், செயலியைத் தொடங்கும்போது தரவுத்தளமும் சேர்த்துத் தொடங்கப்படும். ஆனால் வரிசை எதுவும் சொல்லப்படாததால் இரண்டும் ஒரே சமயத்தில் கிளம்பும். முந்துவது எது என்பது அன்றன்றைய அதிர்ஷ்டம். மாறாக 'ஆஃப்டர்' மட்டும் எழுதினால், இரண்டுமே தொடங்கப்படவிருக்கும் நிலையில்தான் தரவுத்தளம் முந்தும். தரவுத்தளம் முடக்கப்பட்டிருந்தால் செயலி அதற்காகக் காத்திருக்காது. ஆகவே இரண்டு வரிகளும் வேண்டும். 'ரிக்வயர்ஸ்' கடுமையானது என்பதையும் மறக்கக் கூடாது: நிர்வாகி தரவுத்தளத்தை நிறுத்தினால் செயலியும் கூடவே நிறுத்தப்படும். இணைப்பு அறுந்தால் தானே மீண்டும் இணைந்துகொள்ளத் தெரிந்த செயலிக்கு, தரவுத்தளத்தைச் சேர்த்துத் தொடங்கினாலும் அது நின்றால் செயலியை நிறுத்தாத 'வான்ட்ஸ்' போதும் என்பது என் கருத்து. நடைமுறையில் அதுவே குறைவான தொல்லை தருகிறது.

ஃப்ரீபிஎஸ்டி என்ற இயக்குதளத்திலிருந்து வருபவர்களுக்கு இது கூடுதலாகக் குழப்பும். அங்கே சேவைகளைத் தொடங்கும் ஆர்சி.டி ஸ்கிரிப்டுகளின் தலைப்பில் எழுதப்படும் 'ரிக்வயர்' என்ற வரியை ஆர்சிஆர்டர் என்ற நிரல் படித்து வரிசையை மட்டுமே தீர்மானிக்கிறது. ஆர்சி.கான்ஃப் கோப்பில் இயக்கப்படாத சேவையை அந்த வரி எழுப்பாது.

வரிசையைச் சரியாக எழுதிய பிறகும் சிக்கல் தீராமல் போகலாம், ஏனெனில் முந்தைய சேவை 'தொடங்கிவிட்டது' என்று சிஸ்டம்டி எப்போது கருதுகிறது என்பதை 'டைப்' வரிதான் முடிவு செய்கிறது. அந்த வரியை எழுதாமல் விட்டால் பொதுவாக 'சிம்பிள்' என்று கொள்ளப்படும். அதன்படி, புதிய செயல்முறை ஃபோர்க் செய்யப்பட்ட (அதாவது பிரித்து உருவாக்கப்பட்ட) கணமே வேலை முடிந்தது. இயக்க வேண்டிய நிரல் கோப்பே வட்டில் இல்லாவிட்டாலும் தொடங்கு என்ற கட்டளை வெற்றி என்றே திரும்பும். 'எக்ஸெக்' வகை, நிரல் உண்மையில் இயக்கப்படும் வரையாவது பொறுக்கிறது. 'நோட்டிஃபை' வகையில் சேவையே 'நான் தயார்' என்ற செய்தியை அனுப்பும் வரை அடுத்த சேவை காத்திருக்கும்; மரியாடிபி என்ற தரவுத்தளத்தின் யூனிட் கோப்பு இந்த வகையைத்தான் பயன்படுத்துகிறது. இணைப்புகளை ஏற்கும் போர்ட்டைத் திறக்கவே சில நொடிகள் எடுத்துக்கொள்ளும் நிரலை 'சிம்பிள்' ஆக விட்டுவிட்டு, அதன் பின்னால் வரும் சேவையில் 'ஆஃப்டர்' எழுதுவதால் அனேகமாக எந்தப் பயனும் இல்லை.

வலையமைப்பிலும் இதே கதைதான். 'நெட்வொர்க்.டார்கெட்' என்ற தொடக்கக் கட்டம் எட்டப்பட்டதால் முகவரி கிடைத்துவிட்டது என்று பொருளில்லை. வலையமைப்பை நிர்வகிக்கும் மென்பொருள் தொடங்கப்பட்டுவிட்டது என்பது மட்டுமே அதன் பொருள். முகவரி கட்டாயம் தேவைப்படும் சேவைக்கு 'நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்' என்பதை 'வான்ட்ஸ்', 'ஆஃப்டர்' இரண்டிலும் எழுத வேண்டும்.

இவ்வளவையும் ஆராயாமல் 'ரீஸ்டார்ட்' வரியில் 'ஆல்வேஸ்' என்று போட்டுவிட்டால் எப்படியும் எழுந்துவிடும் என்று நம்புபவர்கள் உண்டு. இயல்பு அமைப்பில் மறுமுயற்சிகளுக்கு இடையேயான இடைவெளி 100 மில்லி நொடி. 10 நொடிக்குள் 5 முறைக்கு மேல் தொடங்க முயன்றால் சிஸ்டம்டி அந்தச் சேவையைக் கைவிட்டுவிடும். தரவுத்தளம் தயாராக 20 நொடி எடுத்துக்கொண்டால், இணைப்புக் கிடைக்காமல் உடனுக்குடன் வெளியேறும் செயலி முதல் ஓரிரு நொடிகளிலேயே தன் வாய்ப்புகள் அத்தனையையும் தீர்த்துவிட்டு, 'ஃபெயில்ட்' நிலையில் அப்படியே கிடக்கும். அந்த இடைவெளியைக் குறிக்கும் 'ரீஸ்டார்ட்செக்' வரியில் 5 நொடி என்று எழுதினால் அந்த வரம்பை அது தொடவே தொடாது. ஆனால் உண்மையிலேயே பழுதான நிரலும் அதே தாளத்தில் முடிவில்லாமல் விழுந்து எழுந்துகொண்டிருக்கும் என்பதால், சிஸ்டம்டி சேர்த்துவைக்கும் ஜர்னல் பதிவுகளை யாராவது பார்க்கிறார்கள் என்பதை உறுதி செய்துகொள்வது நல்லது.

இந்த மாற்றங்களை /யுஎஸ்ஆர் அடைவில் இருக்கும் மூலக் கோப்பிலேயே செய்தால் அடுத்த மேம்படுத்தலில் அவை அழிந்துபோகும். 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' கட்டளை /ஈடிசி அடைவில் தனித் துணைக்கோப்பு ஒன்றை உருவாக்கித் தரும். மாற்ற வேண்டிய வரிகளை மட்டும் அதில் எழுதினால் போதும். இங்கே ஒரு நுணுக்கம் பலரைச் சோதிக்கிறது. இயக்க வேண்டிய கட்டளையைச் சொல்லும் 'எக்ஸெக்ஸ்டார்ட்' பட்டியலாகச் சேர்த்துக்கொள்ளப்படும் வரி என்பதால், புதிய கட்டளையை நேரடியாக எழுதினால் பழையதும் கூடவே நிற்கும். ஒன்றுக்கு மேற்பட்ட கட்டளைகளை, ஒருமுறை ஓடி முடியும் வேலைகளுக்கான 'ஒன்ஷாட்' தவிர்த்த வகைகள் ஏற்காமல் பிழை காட்டும். எனவே முதலில் சமக்குறியோடு முடியும் வெற்று வரியாக 'எக்ஸெக்ஸ்டார்ட்' எழுதிப் பழையதை நீக்கி, அடுத்த வரியில் புதியதை எழுத வேண்டும். இந்த உத்தி 'ஆஃப்டர்', 'ரிக்வயர்ஸ்' போன்ற சார்பு வரிகளுக்குச் செல்லாது. துணைக்கோப்பில் சார்புகளைக் கூட்டலாமே தவிரக் குறைக்க முடியாது. குறைக்க வேண்டுமானால் 'எடிட்' கட்டளையோடு 'ஃபுல்' தெரிவையும் கொடுத்து, முழுக் கோப்பையும் /ஈடிசிக்கு நகலெடுத்துத் திருத்துவதே வழி.